ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

காலை ஆறரை மணிக்குக் கோவில்பட்டியில் வண்டியை எடுக்கும்போதே எனக்கு எரிச்சல்தான். பங்குனிக் கடைசி, புதன்கிழமை. போக வேண்டியது குளத்தூருக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஊர்ப் பெயரை எழுதினால் சம்பந்தி வீட்டார் கோபித்துச் சடைத்துக்கொள்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் போனால் சுமார் அறுபது கிலோமீட்டர். என் ஒரே மகள் கற்பகத்தை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது எட்டு மாதம். பிரசவத்துக்கு அவளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். போன தடவை பார்த்தபோது பிரஷர் கூடியிருந்தது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், வெயிலில் அலைய விடக்கூடாது. என் மனைவிக்கு முழங்கால் வீக்கம். அதனால் தனியாகக் கிளம்பினேன்.

எரிச்சலுக்குக் காரணம் கார். பத்து வருடப் பழசு, டீசல் வண்டி. போன மாதம் பஜாரில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பைப், குழாய், மோட்டார் சாமான் விற்கிற கடை எனக்கு. அடுத்த தெருவில் ரஹீம் பாய் பட்டறை. அவர் ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் போட்டார். உள்ளே மெல்லிய குழல்கள் முழுக்க வெள்ளையாகப் படிந்து கல்லாகிக் கிடந்தன. கம்பியால் குத்தினாலும் உதிரவில்லை.

"அண்ணாச்சி, இதுக்குள்ள உப்புத் தண்ணிய ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

யாரென்று எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை வேல்முருகன்தான். அந்தப் பக்கத்து ஊர்களில் விருந்தாளி கார் வாசலில் நின்றால் சும்மா விட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்திருப்பதற்குள் வண்டியைக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்து, எங்கெல்லாம் தண்ணீர் கொள்ளுமோ அங்கெல்லாம் நிரப்பி வைத்துவிடுவார்கள். அது மரியாதை. நிரப்புவது போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் குடம் இரண்டு வகை. ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று உப்புத் தண்ணீருக்கு. நல்ல தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவது அவர்களைப் பொறுத்தவரை பாலைக் கொண்டுபோய்த் தெருவில் கொட்டுவது மாதிரி. மூன்று வருடமாக, போகும்போதெல்லாம் இந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது என் கார்.

பாய் புது ரேடியேட்டர் மாட்டிப் பச்சை நிறக் கூலண்ட் நிரப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு பாடமும் நடத்தினார். குறைந்தால் கூலண்ட் ஊற்ற வேண்டும். கூலண்டில் கலப்பதென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். அதுவும் கிடைக்காத இடத்தில் உப்பு நீக்கின கேன் தண்ணீர். "போர் தண்ணி மட்டும் வேண்டாம். வண்டி நடுரோட்டுல செத்துக் கெடந்தா மட்டும் ஊத்துங்க. ஊத்துனா மறுநாளே எங்கிட்ட வந்து கழுவிரணும்." ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஓஸின் கிளிப் ஒன்று லேசாகக் கசிந்தது, இறுக்கியிருக்கிறேன், கொஞ்ச நாளைக்கு அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் புறப்பட்ட நேரத்தில் கோவில்பட்டியில் ஒரு கடையும் திறக்கவில்லை. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன்.

எட்டயபுரம் தாண்டி ரோட்டோரம் ஒரு கடை. டயர், ஆயில், பேட்டரி எல்லாம் வெளியே அடுக்கியிருந்தது. டிஸ்டில்டு வாட்டர் கேட்டேன். ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்தார் கடைக்காரர். லேபிள் பளபளப்பாக இருந்தது, மூடி மட்டும் விரல் வைத்ததும் சுற்றியது. சீல் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். மூடியில் கொஞ்சம் ஊற்றி, சூடாக இருந்த பானெட்டின் மேல் நாலு சொட்டு விட்டேன். என் கார் கறுப்பு. இரண்டு நிமிடத்தில் சொட்டு காய்ந்தது. காய்ந்த இடத்தில் நாலு வெள்ளை வட்டம்.

"இது என்ன?" என்றேன்.

"என்ன அண்ணாச்சி, தண்ணிதான்."

"டிஸ்டில்டு வாட்டர்னு ஒட்டி போர் தண்ணிய விக்கியளா?"

அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. "நம்ம ஊரு பேட்டரி எல்லாம் இதத்தான் குடிச்சுட்டுக் கெடக்கு. ஒங்க வண்டி மட்டும் என்ன மெட்ராஸ் வண்டியா" என்றார்.

அங்கேயே பத்து நிமிடம் சத்தம் போட்டேன். என் கடையில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று யாராவது வந்தால் நான் மாற்றிக் கொடுக்கிறேன். இவர் லேபிள் ஒட்டிப் பொய் விற்கிறார், கேட்டால் கிண்டல் வேறு. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை. கடைசியில் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐந்து லிட்டர் குடிதண்ணீர் கேன் ஒன்று, சீல் உடையாதது, எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது அதே கம்பெனியின் சின்ன பாட்டில் ஒன்றையும் வாங்கி, அதிலிருந்து ஒரு சொட்டு பானெட்டில் விட்டேன். காய்ந்தது, தடம் பெரிதாக இல்லை. கேனை டிக்கியில் வைத்தேன். மகளுக்கென்று வாங்கிய ஆப்பிள், சேவுப் பைகளும் பூந்தி லட்டு வைத்த தூக்குச் சட்டியும் அங்கேதான் இருந்தன. கேனை அவற்றோடு வைத்தது எவ்வளவு பெரிய பிசகு என்று பிறகுதான் தெரிந்தது.

விளாத்திகுளம் வரை இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த செடி மார்கள் நின்றன. மண் வெடித்துப் போயிருந்தது. ஒரு கை உள்ளே போகும் அளவு வெடிப்பு. ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்துக் கடைசிப் பறிப்பு மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தார்கள். அதன் நெடி காருக்குள் வந்து இருமல் பிடித்தது. வைப்பாற்றுப் பாலத்தில் கீழே பார்த்தேன். மணல்கூடச் சரியாக இல்லை, சீமைக் கருவேலம்தான் ஓடுகிறது. விளாத்திகுளத்தில் ஒரு டீ குடித்தேன். டீ கரித்தது. ஒன்றும் சொல்லாமல் பன்னிரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன், காலையில் போட்ட சண்டை ஒன்று போதும் என்று.

எட்டரை மணிக்கு ஊர் எல்லை. முதலில் கண்ணில் படுவது மேல்நிலைத் தொட்டி. புதிதாக வெள்ளை அடித்து, நீல எழுத்தில் கொள்ளளவு எழுதியிருந்தது. அதன் கைப்பிடிக் கம்பியில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதற்கு அப்பால் தூரத்தில் உப்பளத்து அம்பாரங்கள் வெயிலில் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மிளகாய்க் காடு உண்டு. மற்ற நாளில் உப்பளத்தில் லாரி லோடு கணக்குப் பார்க்கிறார். நல்ல பையன். அதில் எனக்குக் குறை கிடையாது.

ஆனால் நான் இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் ஒரு வாளியோடு பானெட்டுப் பக்கம் போய்விட்டார்.

"தொடாதீங்க மாப்ள" என்று கத்திவிட்டேன்.

வாளி கையிலேயே நின்றது. தெருவில் போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சத்தம் எனக்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. ரேடியேட்டர் அடைத்த கதையைச் சொல்லி, "இனிமே வண்டிக்கு நீங்க தண்ணி ஊத்த வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்" என்றேன். "சரி மாமா" என்றார். முகம் சுண்டிவிட்டது. வாளித் தண்ணீரை வேப்பங்கன்றுக்குக்கூட ஊற்றாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனார். பேச்சை மாற்ற, டிக்கியில் பலகாரம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சாவியைக் கொடுத்தேன்.

கற்பகம் வாசலுக்கு வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வாங்கப்பா" என்று சிரித்தாள். எனக்கு அந்த நிமிடமே அவளைத் தூக்கி காரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்போல் இருந்தது.

முடியுமா. சம்பந்தியம்மா பேச்சியம்மாள் விட வேண்டுமே. "அண்ணாச்சி, பிள்ளைய பிரசவத்துக்கு அனுப்புதோம். சோறு திங்காம வாசப்படி தாண்டக் கூடாது" என்றார். சோறு பதினொன்றரைக்குத்தான் ஆகும் என்றார். சரி, பன்னிரண்டுக்குக் கிளம்பலாம் என்றேன். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம். "அது கழிச்சுத்தான் அனுப்புவேன்" என்றார். ஆக, வெயிலில் அலைய விடாதே என்று டாக்டர் சொன்ன பிள்ளையை, வெயில் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தங்கச்சி முறை ஆகிறவர், எதிர்த்துப் பேச முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு திண்டில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்துக்கு நேரே முற்றத்துக் குழாய். வீட்டுக்கு வீடு போட்டுக் கொடுத்த குடிநீர்க் குழாய். குழாயைப் பார்த்தால் எனக்கு ரகம் தெரிந்துவிடும். நல்ல குழாய்தான், திருகு மினுமினுப்பு குறையாமல் இருந்தது. அதில் ஒரு மஞ்சள் பை மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பைக்குள் வெங்காயம்.

"தண்ணி எப்ப வரும் தங்கச்சி?" என்று கேட்டேன்.

"வந்தா வரும் அண்ணாச்சி. எட்டு நாளைக்கு ஒருக்க வரும், பத்து நாளும் ஆகும். இந்த வட்டம் மோட்டார் ரிப்பேருன்னு சொல்லுதாவ. வண்டில குடம் கணக்குல விக்க வருவாவ, அவியளும் ரெண்டு நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல."

"அப்ப குடிக்க?"

"இருக்கதக் குடிக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சாப்பாடு பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் பொரியல், அப்பளம், பாயசம். இந்த வீட்டில் பருப்பு எப்போதும் அரை வேக்காடாகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியாது. சோடா உப்புப் போட்டு ஏமாற்றுவார்கள். அன்றைக்குச் சாம்பாரில் பருப்பு குழைந்து கிடந்தது.

"ரெண்டே விசில். வெண்ணெயா வெந்துட்டு" என்றார் சம்பந்தியம்மா. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாப்பிள்ளைகூடக் காலைக் கசப்பை மறந்து இரண்டாம் தடவை சோறு வாங்கினார். சாப்பிட்டபின் டீயும் வந்தது. நல்ல டீ. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம். பானெட்டைத் திறந்து பார்த்தேன், கூலண்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நின்றது. பைகளையெல்லாம் மாப்பிள்ளை டிக்கியில் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். கற்பகத்தின் கையில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைச் சம்பந்தியம்மா கொடுத்தார். "வழிக்கு நல்ல தண்ணி. நீ மட்டும் குடி, ஒங்க அப்பா கேட்டாலும் குடுக்காத" என்று சிரித்தார். என்னைப் பார்த்து, "ஒங்க ஏனத்த வெறுமையா அனுப்பல அண்ணாச்சி" என்றார். பலகாரம் கொண்டுபோன தூக்குச் சட்டியில் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

விளாத்திகுளம் தாண்டி எட்டு கிலோமீட்டர் இருக்கும். ரோடு வேலைக்காகத் தோண்டிப் போட்ட இடத்தில் மெதுவாகத்தான் இறக்கினேன். ஆனாலும் அடியில் ஒரு குலுக்கு. கொஞ்ச தூரத்தில் ஏ.சி. காற்று சூடானது. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறியது. பானெட் ஓரத்தில் ஆவி. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். சுற்றிலும் மொட்டைக் கரிசல் காடு. ஒரு கருவேலம் மட்டும் ரோட்டோரம் நின்றது, அதற்கு நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணி இரண்டரை. ஐந்து மணிக்கு டாக்டர்.

கதவுகளைத் திறந்து வைத்து, பின்சீட்டில் மகளைக் கால் நீட்டி உட்காரச் சொன்னேன். குடையை விரித்து வெயில் வந்த பக்கம் செருகினேன். முகமெல்லாம் வேர்வை. "மயக்கமா வருதா?" என்று கேட்டேன். "இல்லப்பா, நீங்க வண்டியப் பாருங்க" என்றாள். மகள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

கசிந்த ஓஸ் கிளிப்தான் நழுவியிருந்தது. கூலண்ட் பூராவும் ரோட்டில். கிளிப் எனக்குப் பிரச்சினையில்லை; கடையில் விற்கிற சரக்கு, டிக்கியில் எப்போதும் நாலைந்து கிடக்கும். சூடு தணிய அரை மணி நேரம் காத்திருந்து, துணி சுற்றிப் புது கிளிப்பை மாட்டி இறுக்கினேன். இனி தண்ணீர். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும். நல்ல காலம், காலையில் சண்டை போட்டாவது நல்ல தண்ணீர் வாங்கி வைத்தோம் என்று நினைத்துக்கொண்டு கேனை எடுத்தேன்.

மூடி விரல் பட்டதும் சுற்றியது. சீல் வளையம் இல்லை.

கை நின்றுவிட்டது. மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பானெட்டில் சொட்டு விட்டேன். அந்த வெயிலுக்கு விட்டதும் காய்ந்தது. வெள்ளை வட்டம். இன்னொன்று விட்டேன். அதுவும் வெள்ளை. காலையில் அந்தக் கடைக்காரன் தண்ணீர் விட்ட தடத்தைவிட இது கெட்டி.

"ஏட்டி, இந்தக் கேன்ல இருந்த தண்ணி எங்க?"

கற்பகம் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அது வண்டிக்கு வாங்கினதாப்பா? நீங்க அத்தைக்குக் கொண்டாந்தியன்னு நெனச்சுட்டாவ. எங்க ஊருக்கு வார சொந்தக்காரவியள்லாம் பலகாரத்தோட ஒரு கேன் நல்ல தண்ணியும் கொண்டாருவாவ. பலகாரம் இல்லாட்டாலும் தண்ணி உண்டு. அத்தைக்கு ஒரே சந்தோசம். அதுலதான் பருப்பு வேக வச்சாவ, டீ போட்டாவ. மிச்சத்த எனக்கு ரெண்டு பாட்டில்ல ஊத்திக் குடுத்துட்டாவ. வெறும் ஏனம் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா, அதான் போர் தண்ணிய ரொப்பி வச்சிருக்காவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அடுத்தவன் டிக்கியில் இருப்பதை எடுத்துச் சமைக்க வேண்டியது, பிறகு மரியாதை என்று பேர் வைத்து உப்புத் தண்ணீரை ரொப்ப வேண்டியது. ராகுகாலம், சோறு, பாயசம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மூச்சு ஏசினேன். நடுக்காட்டில் யாருக்குக் கேட்கப் போகிறது.

பைக்கில் ஒருவர் வந்து நின்றார். பக்கத்து ஊர்க்காரர், பின்னால் தீவனக் கட்டு. கேன் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "அடுத்த ஊருல ஒரு கட இருக்கு அண்ணாச்சி, ஆனா நாலு மணிக்குத்தான் தொறப்பாவ. போர் தண்ணி வேணும்னா இந்தா, அந்த மோட்டார் ரூம்புல எவ்வளவு வேணாலும் பிடிச்சுக்கிடலாம்" என்று கையைக் காட்டினார். அதுதான் என் கையிலேயே ஐந்து லிட்டர் இருக்கிறதே. அவர் போய்விட்டார்.

கற்பகம் மெதுவாகக் காரை விட்டு இறங்கினாள். இரண்டு பாட்டிலையும் பானெட்டின் ஓரத்தில் வைத்தாள். ஒன்றில் அவள் குடித்தது போக முக்கால் இருந்தது.

"இத ஊத்துங்கப்பா. பத்தாததுக்குக் கேன்ல உள்ளத ஊத்திக்கிடுங்க. பாதிக்குப் பாதியாவது தப்பும். புது ரேடியேட்டரு."

"நீ வழிக்கு என்னத்தக் குடிப்ப?"

"கேன்ல இருக்கே. எனக்குப் பழகிட்டு. வாரத்துல பாதி நாள் இதத்தான் குடிக்கேன். வண்டிக்குத்தான் பழகல."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கிண்டலும் இல்லை. இன்ன பஸ் இத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். காலையில் பேட்டரிக்கு ஊற்ற லாயக்கில்லை என்று நான் ரோட்டில் நின்று கத்தினேனே, மாப்பிள்ளையைத் தெரு பார்க்க அதட்டினேனே, அந்தத் தண்ணீர். இரும்புக்குள் போனால் கல்லாக உறைகிறது என்று என் கண்ணால் பார்த்த தண்ணீர். அதை இவள் எட்டு மாதமாக, வயிற்றில் பிள்ளையோடு, பாதி நாள் குடித்துக்கொண்டிருக்கிறாள். போன் பண்ணும்போதெல்லாம், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறேன். அவளும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

சம்பந்தியம்மாள் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. கோபம் மட்டும் போகவில்லை. அதை எதன் மேல் திருப்புவது என்றுதான் தெரியவில்லை. வெள்ளை அடித்து எழுத்து எழுதிய தொட்டி இருக்கிறது. தெருவெல்லாம் பைப் இருக்கிறது. நல்ல ரகக் குழாய் இருக்கிறது. அதில் வெங்காயம் தொங்குகிறது. சொந்தக்காரன் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதைச் சீர் மாதிரிச் செய்ய ஒரு ஜனம் பழகியிருக்கிறது. வந்த தண்ணீரில் ஒரு நேரம் பருப்பு வெந்ததற்கு ஒரு வீடே சந்தோஷப்படுகிறது.

"அந்தப் பாட்டில எடு" என்றேன்.

"அப்பா, ரேடியேட்டரு..."

"எடுத்து உள்ள வை. நீதான் குடிக்கணும்."

கேனைத் தூக்கினேன். உப்புத் தண்ணீரைப் புது ரேடியேட்டருக்குள் கழுத்து வரை ஊற்றினேன். பாய் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடுதான் ஊற்றினேன். மிச்சத்தை ரோட்டில் கொட்டிவிட்டு, கேனைக் காலால் உதைத்தேன். அது கருவேலத்துக்குள் போய் விழுந்தது. பிறகு நானே போய் முள்ளுக்குள் கையை விட்டு எடுத்து வந்து டிக்கியில் போட்டேன். அவர்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக ஒரு கேன் வேண்டும் அல்லவா.

மூன்றே காலுக்கு எஞ்சின் பிடித்தது. ஏ.சி. போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, சூட்டு முள்ளின் மேலேயே கண்ணாக, மெதுவாக ஓட்டினேன். எட்டயபுரத்துக்கு முன்னால் அந்தக் கடை வந்தது. கடைக்காரர் வெளியே நின்றுகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. கற்பகம் முதல் பாட்டிலை முடித்து இரண்டாவதைத் திறந்தாள். "இனிக்குப்பா" என்றாள். வெறும் தண்ணீர். நான் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். பிரஷர் இன்னும் கூடியிருந்தது. அந்த ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வாரம் ஒரு தடவை காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எழுந்திருக்கும்போது, "தண்ணி மட்டும் நல்லா நெறையக் குடிக்கணும், சரியா" என்று மகளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்க வாயெடுத்தேன். முழங்கால் வீக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கோவில்பட்டி ஒன்றும் தண்ணீர் புரண்டோடுகிற ஊர் இல்லை. எங்களுக்கும் குழாய் நாள் பார்த்துத்தான் வருகிறது. ஆனால் தெருமுனையில் கேன் கிடைக்கிறது, போன் போட்டால் மாடிக்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். அறுபது கிலோமீட்டரில் இவ்வளவு வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது, திரும்பிப் போகையில் இரண்டு இருபது லிட்டர் கேனை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்ன மாமா" என்றார். கேனைத்தான் மடியில் வைக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்பே, சொன்னபடி, பாய் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். அவர் அடியில் படுத்து ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இவ்வளவு சொல்லியும் யாரு அண்ணாச்சி மறுபடி ஊத்துனது? மாப்ளையா?"

"நான்தான்."

"தெரிஞ்சா ஊத்துனீங்க?"

"தெரிஞ்சுதான்."

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார். "இத வண்டிக்கு ஊத்தலாமா? இது என்ன தண்ணின்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய். எம்மக குடிக்கிற தண்ணி."

பாய் திரும்பக் குனிந்து, இரண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டு ரேடியேட்டரைக் கழுவினார். வண்டி சரியாகிவிட்டது. பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம், அதே வண்டியில், இரண்டு பேரையும் அந்த ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும்.